நீரில் வாழும் குள்ளத் தவளை: தொட்டி அமைப்பு முதல் அன்றாடப் பராமரிப்பு வரை

குள்ளத் தவளை மூச்சு வாங்க மேலே வருவதை ஒருமுறை நின்று கவனியுங்கள். அடித்தரையில் சருகோடு சருகாகக் கிடக்கும். திடீரென்று பின்னங்கால் இரண்டையும் உதைத்து அம்பு போல மேலே பாயும். மூக்கு நுனி மட்டும் நீருக்கு வெளியே எட்டும். ஒரு மிடறு காற்று, அவ்வளவுதான். உடனே தலைகீழாகத் திரும்பி அடிக்கு ஓடிவிடும். பகலிலும் இரவிலும் இப்படி எத்தனையோ முறை. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் இந்த உயிருக்கு, வளர்ந்த பிறகு செவுள் கிடையாது; நம்மைப் போல நுரையீரல்தான். மேலே வர வழியில்லாமல் போனால் தவளையும் மூழ்கிச் சாகும்.

இன்னொன்று, இதற்குப் பார்வை மிகவும் மங்கல். மோப்பத்தாலும் நீரில் எழும் அதிர்வாலும்தான் இரையைத் தேடுகிறது. காற்றுக்காக மேலே வரவேண்டும், சாப்பாட்டைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் மறக்காமல் இருந்தாலே தொட்டியில் பாதித் தவறுகள் நடக்காது. மீனை வளர்ப்பது போல இதையும் வளர்க்கப் போய்த்தான் நிறைய தவளைகள் சில மாதங்களிலேயே செத்துப்போகின்றன. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து ஆண்டுகள் வாழும். அதைத் தாண்டியும் வாழ்ந்த தவளைகள் உண்டு.

முதலில், எந்தத் தவளை என்று உறுதி செய்யுங்கள்

நாம் பேசுவது ஹைமனோகைரஸ் பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கக் குள்ளத் தவளையைப் பற்றி. மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவில், காங்கோ ஆற்றுப் படுகையை ஒட்டிய நாடுகளின் நிழலான, மெதுவாக ஓடும் ஓடைகளும் குட்டைகளும்தான் இதன் பூர்வீகம். முழு வளர்ச்சியில் உடல் 3 முதல் 4 சென்டிமீட்டர்தான்.

சிக்கல் என்னவென்றால், ஆப்பிரிக்க நகத் தவளையின் குஞ்சும் பார்க்க ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும். ஜெனோபஸ் என்பார்கள். 1930-களில் தொடங்கிக் கர்ப்பப் பரிசோதனைக்காக உலகெங்கும் கொண்டுபோகப்பட்ட தவளை அது. பெண் 10 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், வாய்க்குள் நுழைகிற எதையும் விழுங்கும். தெரியாமல் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் சிறியது பெரியதற்கு இரையாகிவிடும்.

பிரித்தறிய முன்னங்கால்களைப் பாருங்கள். குள்ளத் தவளைக்கு நான்கு கால்களிலும் விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கும். நகத் தவளைக்குப் பின்னங்காலில் மட்டுமே சவ்வு. முன்னங்கால் விரல்கள் தனித்தனியாக நிற்கும். கண்களும் உதவும்: குள்ளத் தவளைக்குத் தலையின் பக்கவாட்டில், நகத் தவளைக்கு உச்சந்தலையில். வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ ஒரு தவளையைக் காட்டிக் குள்ளத் தவளை என்றால் நம்பாதீர்கள். பெரும்பாலும் அது நகத் தவளைதான்.

தொட்டி

இரண்டு தவளைக்கு 20 லிட்டர் என்பது குறைந்தபட்சம். என்னைக் கேட்டால் 40 லிட்டர் வாங்கி மூன்று நான்கு தவளைகளை விடுங்கள். தண்ணீர் அதிகமாக இருந்தால் அது சீக்கிரம் கெடாது. நாம் செய்யும் சின்னச் சின்னப் பிழைகளையும் தாங்கும். ஒற்றைத் தவளை வேண்டாம். இவை கூட்டமாகக் கிடக்க விரும்புபவை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து தூங்கும்.

உயரமான தொட்டியைவிட அகலமான, நீளமான தொட்டி நல்லது. தண்ணீரின் ஆழம் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த உயரம் முழுவதையும் ஏறி இறங்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். உடம்பு சரியில்லாத தவளைக்கு 20 சென்டிமீட்டரே மலை.

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டியில் நான்கு கூழாங்கல், ஒரு மூங்கில் குச்சி, இரண்டு தவளை என்று அடைத்து, பராமரிப்பே தேவையில்லை என்று விற்பதுண்டு. அந்தப் பெட்டியில் ஃபில்டர் இல்லை, வெப்பம் இல்லை, கழிவு போக வழியும் இல்லை. யாராவது அப்படி ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டால் அன்றைக்கே பெரிய தொட்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

மூடி கட்டாயம். குள்ளத் தவளை தாவிக் குதிக்கும், வயர் போகிற இடுக்கு வழியாகவும் வெளியேறிவிடும். வெளியே விழுந்தால் தோல் காய்ந்து சீக்கிரமே இறந்துவிடும். வயர் போகும் ஓட்டையை ஸ்பாஞ்ச் துண்டு வைத்து அடையுங்கள். தண்ணீரை விளிம்பு வரை நிரப்பாமல், மூடிக்குக் கீழே நான்கைந்து விரற்கடை காற்றுக்கு விடுங்கள். காற்று உள்ளே போய்வரச் சிறு துளைகளும் வேண்டும்.

அடித்தரை

தவளை தன் வாயால் கெடும் என்ற பழமொழி, கத்திக் காட்டிக்கொடுத்துக்கொள்வதைப் பற்றியது. குள்ளத் தவளைக்கு அது இன்னொரு விதத்திலும் பொருந்தும். நாக்கே இல்லாத இந்தத் தவளை, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி விழுங்குகிறது. புழுவுக்குப் பக்கத்தில் பட்டாணி அளவு கல் இருந்தால் அதுவும் உள்ளே போகும், குடலை அடைக்கும். அதனால் சாதாரண மீன்தொட்டிச் சரளைக் கல் வேண்டவே வேண்டாம். அந்தக் கற்களின் இடுக்கில் கால் மாட்டிக்கொண்டு மேலே வரமுடியாமல் மூழ்குவதும் நடக்கும்.

நைஸான மணல் சிறந்தது. விழுங்கினாலும் பெரும்பாலும் வெளியேறிவிடும். போடும் முன் தண்ணீர் தெளியும்வரை பலமுறை அலசுங்கள். இரண்டு சென்டிமீட்டர் தடிமன் போதும். மணல் பிடிக்காதவர்கள் அடியை வெறுமையாகவே விடலாம். சுத்தம் செய்ய அதுதான் சுலபம்.

ஃபில்டரும் ஹீட்டரும்

இது தேங்கிய நீரின் உயிர். நீரோட்டம் பலமாக இருந்தால் நீந்தி நீந்தியே களைத்துவிடும். இரையின் வாசனையும் கலைந்துபோகும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் என் முதல் தேர்வு. உறிஞ்சு துளை இல்லாததால் கால் இழுபடாது. வேறு ஃபில்டர் இருந்தால் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டி வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ். அறை வெப்பம் அதற்குக் கீழே இறங்கும் என்றால் தெர்மோஸ்டாட் உள்ள சிறிய ஹீட்டர் தேவை. 20 லிட்டருக்கு 25 வாட் போதும். ஹீட்டரே தன் வெப்பத்தைக் காட்டினாலும் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். வெயில் காலத்தில் 28 டிகிரியைத் தாண்டினால் மூடியின் வலைப்பகுதி வழியாக நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறிக் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தொட்டியை நேர் வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். என் முதல் தொட்டியில், ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு இருந்தது. ஒருநாள் காலையில் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. அந்த இடுக்கில் தலையை நுழைத்து, பின்னால் வரத் தெரியாமல் அங்கேயே இறந்து கிடந்தது. ஒதுங்க இடம் தேடி இடுக்குகளில் புகுவது இவற்றின் இயல்பு. எந்தப் பொருளை வைத்தாலும் ஒன்று கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், அல்லது தவளை திரும்பி வரும் அளவுக்குத் தாராளமாக விலக்கி வையுங்கள். அலங்காரப் பொம்மைகளின் சிறு ஓட்டைகளையும் ஹீட்டரின் பின்பக்கத்தையும் இதே கண்ணோடு பாருங்கள்.

செடியும் மறைவிடமும்

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா பாசி மூன்றும் மங்கலான வெளிச்சத்திலேயே வளரும். நீருக்குச் சற்றுக் கீழே அகலமான இலை ஒன்று இருந்தால் தவளை அதில் உட்கார்ந்து இளைப்பாறும். மூச்சுக்கு மேலே போகும் தூரமும் குறையும். மிதக்கும் செடிகள் நல்லவைதான், ஆனால் பரப்பில் பாதியையாவது திறந்து விடுங்கள். கவிழ்த்து வைத்த மண்சட்டித் துண்டு, விளிம்பு கூராக இல்லாவிட்டால், அருமையான குகை. காய்ந்த நாட்டுவாதுமை இலை ஒன்றிரண்டைக் கழுவிப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். அது அழுக்கு அல்ல. தவளையும் அந்த நிழலை விரும்பும். பிளாஸ்டிக் செடியை விரலால் தடவிப் பாருங்கள். சுருக்கென்று குத்தினால் தவளையின் தோலையும் கிழிக்கும்.

தண்ணீரைப் பழக்குவது

பலரும் அவசரப்படுவது இங்கேதான். தொட்டி வாங்கிய அன்றே தவளையையும் வாங்கிவிடுகிறார்கள்.

தவளையின் கழிவும் மிஞ்சிய உணவும் நீரில் அம்மோனியாவாக மாறும். அது நஞ்சு. ஃபில்டரின் ஸ்பாஞ்சில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். குறைந்த அளவில் அது பெரிய தீங்கு செய்யாது. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா எதுவும் இருக்காது. தானாக வளர்ந்து நிலைக்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

தொட்டியை நிரப்பி, ஃபில்டரையும் ஹீட்டரையும் ஓடவிட்டு, அம்மோனியம் குளோரைடு கரைசல் சில துளிகளோ, ஒரு சிட்டிகை மீன் உணவோ போட்டுவிட்டுக் காத்திருங்கள். வாரம் இரண்டு முறை திரவ டெஸ்ட் கிட்டால் சோதியுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் மிஞ்சும். 2 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீரில் இரண்டு பங்கு) அளவுக்கு அம்மோனியா சேர்த்தும் 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். அப்போது பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை 20 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவாருங்கள். நன்றாக ஓடும் மீன்தொட்டியின் பழைய ஸ்பாஞ்சு கிடைத்தால் காத்திருப்பு பெரிதும் குறையும். அந்தத் தொட்டியில் தவளையோ நோயோ இருந்திருக்கக் கூடாது.

குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி இல்லாமல் ஒரு சொம்புகூட ஊற்றாதீர்கள். தவளையின் தோல் நீரில் உள்ளதை எல்லாம் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது ஓரளவு சரி. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த நீரில் அது பலிக்காது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 6.5 முதல் 7.8 வரை எதுவானாலும் பரவாயில்லை. அது நிலையாக இருப்பதுதான் முக்கியம். ஆர்ஓ தண்ணீரில் தாதுக்கள் இருக்காது. அதை மட்டும் தனியாக நிரப்ப வேண்டாம்.

தவளையை அழைத்து வருவது

வாங்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தொடை எலும்பு தெரியும்படி இளைத்தது, பலூன் போல உப்பியது, தோலில் பஞ்சு போன்ற வெள்ளைத் திட்டு உள்ளது, விரல் போனாலும் நகராதது எதையும் எடுக்காதீர்கள். இரக்கப்பட்டு நோயாளித் தவளையை வாங்கி, மற்றவற்றையும் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர்.

பையைத் தொட்டி நீரில் கால்மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரு கோப்பையால் தவளையை மட்டும் மாற்றிவிட்டு, பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முதல் இரண்டு நாட்கள் சாப்பிடாமல் ஒளிந்து கிடந்தால் கவலை வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே தவளைகள் இருந்தால், புதிதாக வந்ததை மூன்று மாதம் தனித் தொட்டியில் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். காரணத்தை நோய்ப் பகுதியில் சொல்கிறேன்.

சாப்பாடு

எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். நேரமும் பொறுமையும் கேட்கும் வேலையும்கூட.

உறைந்த ரத்தப்புழு, மைசிஸ் இறால், ஆர்ட்டீமியா, டாஃப்னியா (இரண்டும் இறால் வகைச் சிற்றுயிர்கள்) ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ரத்தப்புழுவை மட்டுமே தினமும் கொடுத்தால் சத்து ஒருதலையாகிவிடும். அடியில் மூழ்கும் சின்ன மாமிசக் குருணைகளுக்கும் பழக்கலாம். மேலே மிதக்கும் மீன் செதில் உணவு இதற்குப் பயனில்லை. ஈரம் போகக் காய்ந்த புழுவை அப்படியே போட்டால் வயிற்றில் ஊறி உப்பும். சாக்கடையில் பிடித்த டியூபிஃபெக்ஸ் புழு நோயைக் கூட்டி வரும். கோழி, ஆட்டு இறைச்சித் துண்டுகளும் வேண்டாம்.

உறைந்த கட்டியில் ஒரு துண்டைத் தொட்டி நீர் உள்ள சிறு கிண்ணத்தில் கரையவிட்டு, வடிகட்டியில் அலசுங்கள். ஃபில்டரை நிறுத்துங்கள். அடித்தரையில் எப்போதும் ஒரே இடத்தில் ஒரு சின்ன மண் தட்டு இருக்கட்டும். நீளமான டிராப்பரால் புழுக்களை அந்தத் தட்டில் இறக்குங்கள். இறக்கும் முன் தட்டில் டிராப்பர் நுனியால் இரண்டு தட்டு தட்டுங்கள். சில வாரங்களில் அந்த ஒலிக்கே வரப் பழகிவிடும்.

இனிமேல் நடப்பதைப் பாருங்கள். வாசனை எட்டியதும் தவளை சட்டென்று நிமிரும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாது. இங்கே ஒரு தாவல், அங்கே ஒரு கடி. புழுவை விட்டுவிட்டுத் தோழனின் காலைக் கவ்வும், பிறகு விட்டுவிடும். கடைசியில் மூக்கில் புழு முட்டியதும் சடக்கென்று வாய் திறந்து உறிஞ்சும். வெளியே தொங்கும் மிச்சத்தை முன்னங்கை இரண்டாலும், குழந்தை சோறு தள்ளுவது போல, வாய்க்குள் தள்ளிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் கால்மணி நேரம் ஆகும். அதற்குள் ஒவ்வொன்றும் சாப்பிட்டதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். தட்டையே கண்டுபிடிக்காத தவளைக்கு டிராப்பரால் மூக்கருகே கொண்டுபோய்க் கொடுங்கள்.

வளர்ந்தவைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஒரு வேளைக்கு ஒன்றுக்கு ஐந்தாறு புழு. குட்டிகளுக்குத் தினமும் கொஞ்சம். அரைமணி நேரம் கழித்தும் தட்டில் கிடப்பதை டிராப்பரால் எடுத்துவிடுங்கள். ரத்தப்புழு சிலருக்குத் தோல் அரிப்பும் தும்மலும் உண்டாக்கும். அப்படி இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கூட வைக்கக்கூடியவை

தவளை மட்டும் உள்ள தொட்டியே நல்லது. மீன்கள் வேகமானவை, இது தடுமாறித் தேடுவதற்குள் எல்லாவற்றையும் தின்றுவிடும். கோல்ட் ஃபிஷ், பார்ப், சிக்லிட் கூடவே கூடாது. பெரிய நத்தை ஒன்றிரண்டு வைக்கலாம்.

வாரந்தோறும்

வாரம் ஒருமுறை 20 முதல் 25 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். சைஃபன் குழாயின் வாயை நகர்த்தும் முன் எல்லாத் தவளைகளும் எங்கே என்று பாருங்கள். மணலில் அசையாமல் கிடப்பது உறிஞ்சப்பட்டுவிடும். புதுத் தண்ணீர் அதே வெப்பத்தில், குளோரின் நீக்கி இருக்கவேண்டும். ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, எடுத்த பழைய தொட்டி நீரிலேயே பிழியுங்கள். குழாய் நீரில் கழுவினால் வளர்த்த பாக்டீரியா எல்லாம் செத்துவிடும். தொட்டிக்கென்று தனி வாளி. அதில் சோப்பு பட்டிருக்கவே கூடாது.

தவளையைக் கையில் எடுக்காதீர்கள். நம் கையின் உப்பும் சோப்பும் அதன் தோலுக்கு ஆகாது. அது மட்டுமல்ல, இவை சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கலாம். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில் குள்ளத் தவளைத் தொட்டிகள் வழியாக இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தத் தொற்று வந்தது. பெரும்பாலும் சிறு பிள்ளைகள். தொட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டிப் பொருட்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்து மகிழட்டும்.

பயப்பட வேண்டாதவை

நான்கு கால்களையும் விரித்து, நீர்ப்பரப்பில் அசையாமல் மிதந்தால் செத்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். அது ஓய்வு. மெதுவாக ஒரு தட்டு தட்டினால் நழுவி ஓடும். சில வாரங்களுக்கு ஒருமுறை தோல் வெளிறி, மெல்லிய கண்ணாடித் தாள் போல உரியும்; அதை இழுத்து இழுத்துத் தானே தின்றுவிடும். இரவில் தொட்டியிலிருந்து சன்னமான ரீங்காரம் கேட்டால் ஆண் தவளை பாடுகிறது. ஆணுக்கு அக்குளின் பின்னால் சிறு வெண்மையான புடைப்பு இருக்கும். பெண் அதைவிடப் பருமன், பேரிக்காய் வடிவம்.

பயப்பட வேண்டியவை

உடல் முழுக்க நீர் கோர்த்து உப்புவது, மேலே வந்தும் அடிக்குத் திரும்ப முடியாமல் தவிப்பது, பஞ்சு போன்ற பூஞ்சை, தொடர்ந்து தோல் உரிந்துகொண்டே இருப்பது, ஒரு வாரம் உண்ணாமல் இருப்பது. இவற்றில் எதைக் கண்டாலும் அந்தத் தவளையை ஆழம் குறைந்த தனிப் பாத்திரத்துக்கு மாற்றி, தொட்டி நீரைச் சோதியுங்கள். பல நேரம் காரணம் அம்மோனியாவாகத்தான் இருக்கும்.

ஓயாமல் தோல் உரிந்து, சோர்ந்து, தண்ணீரை விட்டு வெளியேறத் துடித்தால் கைட்ரிட் பூஞ்சை என்று சந்தேகியுங்கள். 1990-களின் கடைசியில் அடையாளம் காணப்பட்ட இந்தப் பூஞ்சை உலகெங்கும் பல தவளை இனங்களையே அழித்திருக்கிறது. புதியவற்றை மூன்று மாதம் பிரித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இட்ராகோனசோல் கலந்த நீரில் குளிப்பாட்டும் சிகிச்சை உண்டு. அளவைத் தவளைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்தான் சொல்லவேண்டும். மீன் மருந்தை எடுத்து ஊற்றாதீர்கள், குறிப்பாகத் தாமிரம் கலந்ததை. தவளைக்கு அது கொல்லும் விஷம். தவளையையும் தொட்டி நீரையும் குளத்திலோ வாய்க்காலிலோ ஒருபோதும் விடக்கூடாது என்பதற்கும் இந்தப் பூஞ்சையே போதுமான காரணம்.

முட்டை இட்டால்

ஆண், பெண்ணின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, இரண்டும் சேர்ந்து மேலே வந்து மல்லாந்து முட்டைகளை நீர்ப்பரப்பில் விடும். விட்ட முட்டையைப் பெற்றவையே தின்றுவிடும் என்பதால் கரண்டியால் மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் பொரியும். மற்ற தலைப்பிரட்டைகள் போல இவை பாசி தின்னாது. பிறந்தது முதலே வேட்டைதான். முதலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் நீர், பிறகு அப்போது பொரித்த ஆர்ட்டீமியா குஞ்சு, தினமும் பலமுறை. தண்ணீரையும் தினமும் கொஞ்சம் மாற்ற வேண்டும். முன்னங்கால் முளைத்து வால் கரையும்போது குட்டி விரல்நகம் அளவே இருக்கும். அந்த நாட்களில் ஆழத்தைச் சில சென்டிமீட்டராகக் குறைத்து, நிறைய ஜாவா பாசி போட்டு வையுங்கள். பெரிய தொட்டிக்கு மாற்றும் முன், பெரியவற்றின் வாய்க்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.